கையிற் கிடைப்பதே சம்பளமா?

பட்டம் பெற்று வெளியேறிய ஒருவருக்கு முதல் நியமனம் கிடைத்ததும் வீட்டாரும் அயலாரும் வினவும் முதற் கேள்வி, "சம்பளம் எவ்வளவு?" என்பது. அடுத்த கேள்வி, "கையிலை எவ்வளவு வரும்?" என்பது. இவ்விரு விடைகளுக்கும் இடையே ஒரு தொகை மறைந்துபோகின்றது. அத்தொகை எங்கே செல்கின்றது, எவர் பெயரிற் சேர்கின்றது, சேரவேண்டிய இடத்தில் உண்மையிலேயே சேர்ந்ததா என்ற மூன்றாவது கேள்வியை எவரும் கேட்பதில்லை. கேட்கவேண்டிய பட்டதாரியே கேட்பதில்லை என்பதுதான் ஈண்டு கண்டிக்கப்படவேண்டியது.

மிகைப்பெறுமதிக் கோட்பாட்டைப் பத்துப் பக்கங்களில் விளக்கிச் சிறப்புச் சித்தி எய்தியவர், தமது சம்பளச் சீட்டில் ஆங்கிலச் சுருக்கெழுத்துக்களாக நிற்கும் நான்கு வரிகளின் பொருளை அறியார். எழுதுவினைஞரிடம் கேட்டறிவோர் மிகச் சிலர். ஏனையோர், "வெட்டுறதை வெட்டிப்போட்டுத் தாறதுதான் சம்பளம்" என்ற மனநிலையோடு அமைதி கொள்கின்றனர். இவ்வமைதியால் ஆதாயம் அடைவோர் உளர் என்பதும், அதனால் வரும் இழப்பு முதுமையிலேயே தெரியவரும் என்பதும் அவர்களுக்கு உணர்த்தப்படுவதில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்தல் அவசியமாகின்றது. சம்பளத்திற் கழிக்கப்படுபவை யாவும் ஒரே இனத்தவையல்ல. வருமான வரி அரசாங்கத்திற்குச் செல்வது. அது திரும்பி வருவது பாடசாலையாக, மருத்துவமனையாக, வீதியாகவேயன்றிச் செலுத்தியவரின் பெயரிலன்று. ஊழியர் சேமலாப நிதிக்குச் செல்வதோ உழைத்தவரின் சொந்தப் பணம். அது வரியுமன்று, முதலாளியின் கொடையுமன்று. இன்று கொடுபடாது பிற்போடப்பட்ட கூலியாகும். இவ்விரண்டையும் "வெட்டு" என்ற ஒரே சொல்லால் அழைப்பதிலிருந்தே தவறு ஆரம்பமாகின்றது. தன் பணத்தையும் பிறர் பணத்தையும் ஒரே பெயரால் அழைப்பவன் தன் பணம் களவுபோவதை உணரமாட்டான்.

ஊழியர் சேமலாப நிதி 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்டது. தொடக்கத்தில் ஊழியர் 4 வீதமும் தொழில்கொள்வோர் 6 வீதமும் செலுத்தினர். இன்று ஊழியரின் பங்கு 8 வீதம். தொழில்கொள்வோரின் பங்கு 12 வீதம். இதற்கு மேலாக, 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்திற்குத் தொழில்கொள்வோர் 3 வீதம் செலுத்துதல் வேண்டும். இந்த 3 வீதமும் முன்கூறிய 12 வீதமும் ஊழியரின் சம்பளத்திலிருந்து கழிக்கப்படலாகாது. அவ்வாறிருந்தும், "ஈ.பி.எப்., ஈ.ரி.எப். எல்லாம் வெட்டித்தான் தருகிறார்கள்" என்று இரண்டையும் தன் சம்பளத்தில் ஏற்றிக் கூறும் பட்டதாரிகளைக் காண்பது அரிதன்று. சிலரது விடயத்தில் அக்கூற்று உண்மையாகவே இருத்தலும் கூடும். அவ்வாறாயின் அங்கே சட்டம் மீறப்படுகின்றது என்பதைச் சொல்லிக்கொண்டிருப்பவரே அறியாதிருக்கின்றார்.

இவ்வறியாமை தனியார் நிறுவனங்கள் பலவற்றில் எங்ஙனம் பயன்படுத்தப்படுகின்றது என்பதை நோக்குவோம். முதலாவது வழி தகுதிகாண் காலம் என்பதாகும். "ஆறு மாதம் போகட்டும், நிரந்தரமாக்கிய பின்னர் ஈ.பி.எப். போடுவோம்" என்று கூறப்படுகின்றது, புதியவரும் தலையசைக்கின்றார். சட்டமோ நிரந்தர ஊழியர், தற்காலிக ஊழியர், பயிலுநர், அமைய ஊழியர் என்று வேறுபாடு காட்டுவதில்லை. வேலைக்கமர்ந்த முதல் நாளிலிருந்தே பங்களிப்புச் செலுத்தப்படவேண்டும். தகுதிகாண் காலம் ஒருவரது திறமையைக் காண்பதற்கேயன்றி அவரது முதுமைக்காலச் சேமிப்பைத் தவிர்ப்பதற்கன்று.

இரண்டாவது வழி சம்பளத்தைக் கூறுபோடுதல். 60,000 ரூபா சம்பளத்திற்கு ஒருவர் அமர்த்தப்படுகின்றார் எனக் கொள்வோம். முழுத்தொகைக்கும் பங்களிப்புச் செலுத்தப்படின் அவர் பங்கு 4,800 ரூபா. தொழில்கொள்வோர் சேமலாப நிதிக்குச் செலுத்துவது 7,200 ரூபா. நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்திற்கு 1,800 ரூபா. மொத்தமாக மாதந்தோறும் 13,800 ரூபா அவர் பெயரிற் சேரும். அதே 60,000 ரூபாவை, 30,000 ரூபா அடிப்படைச் சம்பளமும் 30,000 ரூபா கொடுப்பனவுகளும் எனப் பிரித்தெழுதி, அடிப்படைச் சம்பளத்திற்கு மாத்திரம் பங்களிப்புச் செலுத்தினால் சேர்வது 6,900 ரூபாவே. கையிற் கிடைப்பது 2,400 ரூபாவால் கூடுகின்றது, புதியவர் மகிழ்கின்றார். தொழில்கொள்வோரோ மாதம் 4,500 ரூபாவை, அதாவது ஆண்டுக்கு 54,000 ரூபாவை, ஓசையின்றி மிச்சப்படுத்திக்கொள்கின்றார். 2,400 ரூபா மகிழ்ச்சிக்குக் கொடுக்கப்பட்ட விலை இது.

மேலதிக நேரக் கொடுப்பனவு சேமலாப நிதிக் கணக்கில் வராது என்பது உண்மை. ஆனால் வாழ்க்கைச் செலவுப்படி, விடுமுறைக் கொடுப்பனவு, உணவின் பணப்பெறுமதி, தரகு, துண்டுவேலைக் கூலி என்பன யாவும் சட்டத்தின் நோக்கில் உழைப்பூதியத்தின் கூறுகளே. பெயரை மாற்றி எழுதுவதால் கூலியின் இயல்பு மாறிவிடாது. நியமனக் கடிதத்திற் கையொப்பமிடுமுன் அதன் இரண்டாம் பக்கத்தைப் படிக்கும் பழக்கம் இருந்தால் இவ்வித்தை நெடுங்காலம் நிலைக்கமாட்டாது.

மூன்றாவது வழி யாவற்றிலும் கொடியது. சம்பளச் சீட்டில் 8 வீதம் கழிக்கப்பட்டதாகக் காட்டப்படும். அப்பணம் நிதியைச் சென்றடையாது. ஒரு மாதத்திற்குரிய பங்களிப்பு அடுத்த மாதத்தின் இறுதி நாளுக்கு முன்னர் செலுத்தப்படவேண்டுமென்பதும், தாமதித்தால் மேலதிகக் கட்டணம் விதிக்கப்படுமென்பதும், வழக்குத் தொடரப்படலாமென்பதும் சட்டம். இருந்தும் நிலுவைகள் குவிகின்றன. அரசுக்குச் சொந்தமான பெருந்தோட்ட அமைப்புகளே தொழிலாளரின் சேமலாப நிதியை ஆண்டுக்கணக்கில் நிலுவையில் வைத்தமை மலையகம் நன்கறிந்த கதை. கொழுந்து பறித்துக் கூன் விழுந்த ஒரு தாய், ஓய்வுபெற்ற பின்னர் தன் பணத்துக்காக அலுவலகப் படிகளில் ஏறியிறங்கும் காட்சியைக் கண்டு வளர்ந்த பிள்ளைகள் இன்று பல்கலைக்கழகங்களிற் பயில்கின்றனர். அவர்களும் தமது முதற் சம்பளச் சீட்டை மடித்துப் பையிற் போட்டுக்கொண்டு செல்வார்களாயின் அத்தாயின் அலைச்சல் அவர்களுக்கு எதனையும் கற்பிக்கவில்லை என்றே கொள்ளவேண்டும்.

இனி வரியின் பக்கம் வருவோம். இங்கு குழப்பத்திற்கு அரசாங்கமே பெரும் பொறுப்பாளி. 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி மாதம் 100,000 ரூபா வரையிலான சம்பளத்திற்கு வருமான வரி இருக்கவில்லை. 2020 சனவரியில் இவ்வெல்லை 250,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. உழைக்கும்போதே செலுத்தும் வரி என்ற பழைய முறையும் கைவிடப்பட்டது. 2023 சனவரியில் எல்லை மீண்டும் 100,000 ரூபாவாகக் குறைக்கப்பட்டு, 6 வீதத்திலிருந்து 36 வீதம் வரை ஆறு படிகளில் வரி விதிக்கப்பட்டதோடு, சம்பளத்திலேயே கழித்தல் மீண்டும் கட்டாயமாக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் எல்லை 150,000 ரூபாவாக்கப்பட்டது. மாதம் 180,000 ரூபா பெற்ற ஒருவர் 2020இல் செலுத்தவேண்டிய வரி எதுவுமில்லை. 2023இல் மாதம் 7,100 ரூபா. 2025 ஏப்ரலின் பின் 1,800 ரூபா. சம்பளம் மாறவில்லை, வேலையும் மாறவில்லை. கையிற் கிடைப்பது மட்டும் மாறிக்கொண்டேயிருந்தது. ஏன் மாறியது என்று அவருக்கு விளங்கவைக்கும் கடமை எவருக்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

புதிதாக வேலைக்குச் செல்பவருக்கு இங்கே இன்னுமொரு பொறி உண்டு. வரி ஆண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடிகின்றது. விலக்களிப்பு ஆண்டுக்குரியது: 2025 ஏப்ரல் முதல் அது 1,800,000 ரூபா. ஒருவர் ஒக்டோபரில் மாதம் 200,000 ரூபாவுக்கு முதன்முதலாக வேலையில் அமர்ந்தால், மார்ச் இறுதிவரை அவர் பெறுவது 1,200,000 ரூபா. வேறு வருமானம் இல்லையாயின் அவ்வாண்டில் அவர் வரி செலுத்தவேண்டியவரல்லர். ஆயினும் மாத அட்டவணையின்படி கழிக்கப்படின் மாதம் 3,000 ரூபாவாக ஆறு மாதங்களில் 18,000 ரூபா அவரிடமிருந்து சென்றுவிடும். தொழில்கொள்வோரிடம் வரி கழிக்கப்பட்டமைக்கான சான்றிதழைப் பெற்று, உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திற்கு வருமான விபரத் திரட்டைச் சமர்ப்பித்து, அப்பணத்தை மீளக் கோரலாம். கோராதவரின் வீடு தேடி அது வருவதில்லை. அறிந்தவன் பெறுகின்றான், அறியாதவன் இழக்கின்றான் என்ற நிலையில், அறியாமையின் மீதும் ஒரு வரி விதிக்கப்பட்டுள்ளது எனலாம்.

"வரி என்பதே கொள்ளை, உழைப்பவன் ஏன் செலுத்தவேண்டும்?" என்று கேட்போர் ஒரு சாரார். இலவசக் கல்வியாற் பட்டம் பெற்றவரின் வாயில் இக்கேள்வி பொருந்தாது என்பது ஒருபுறமிருக்க, இது கணக்கறியாத கேள்வியுமாகும். 2019 இறுதியில் வரிகள் குறைக்கப்பட்டபோது மகிழ்ந்தவர்கள் பலர். அரச வருமானம் வீழ்ந்தது. ஏனைய காரணங்களோடு அதுவும் சேர, 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்தமுடியாதெனக் கைவிரித்தது. அதன் பின்னர் பெறுமதி சேர் வரி 8 வீதத்திலிருந்து படிப்படியாக உயர்ந்து 2024 சனவரியில் 18 வீதமாயிற்று. சம்பளச் சீட்டில் இவ்வரி தோன்றுவதில்லை; கடையிற் கொடுக்கும் விலைக்குள்ளே ஒளிந்திருக்கின்றது. இலட்சக்கணக்கிற் சம்பளம் பெறுபவரும் நாட்கூலி பெறுபவரும் ஒரு பொருளுக்கு ஒரே வீதத்திலேயே அதனைச் செலுத்துகின்றனர். வருமான வரி குறைந்தால் இழப்பை ஈடுசெய்வது பெரும்பாலும் இந்த மறைமுக வரியே. ஆகவே, நேர் வரியைக் கொள்ளை என்று ஏசுபவர் தம்மையறியாமலே ஏழையின் மடியிற் கைவைக்கும்படி அரசைத் தூண்டுகின்றார். கேட்கவேண்டியது வரி வேண்டுமா என்பதன்று. எவரிடமிருந்து, எவ்வளவு, எதற்காக என்பதே.

இவற்றிலெல்லாம் வேடிக்கையானது பிறிதொன்று. கலைப்பட்டதாரியின் முதற் சம்பளம் பெரும்பாலும் 150,000 ரூபா என்ற வரியெல்லையைத் தொடுவதேயில்லை. தன்னைத் தொடாத வரியைப் பற்றி அவர் சிற்றுண்டிச்சாலையில் மணிக்கணக்கில் வாதிடுகின்றார். மாதந்தோறும் தன்னைத் தொடும் 8 வீதத்தையும், தனக்கு வந்துசேரவேண்டிய 12 வீதத்தையும் பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை. இந்த மௌனத்திற்கு ஒரு தேசிய வடிவமும் உண்டு. 2023ஆம் ஆண்டின் முற்பகுதியில் புதிய வருமான வரிக்கெதிராக வைத்தியர், பொறியியலாளர், வங்கி ஊழியர், பல்கலைக்கழக ஆசிரியர் முதலியோர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுடைய குறைகளில் நியாயமுண்டு. அதே ஆண்டின் நடுப்பகுதியில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு அறிவிக்கப்பட்டது. நாட்டின் மிகப்பெரிய ஓய்வுகால நிதியான ஊழியர் சேமலாப நிதி தன்னிடமிருந்த திறைசேரி முறிகளை நீண்டகாலத் தவணையும், காலப்போக்கில் 9 வீதமாகக் குறையும் வட்டியும் கொண்ட புதிய முறிகளாக மாற்றிக்கொள்ளவேண்டியதாயிற்று. மாற்ற மறுத்தால் 14 வீத வரிக்குப் பதிலாக 30 வீத வரி விதிக்கப்படும் என்பதே அதன் முன் வைக்கப்பட்ட தெரிவு. வங்கிகள் வைத்திருந்த திறைசேரி முறிகள் இவ்வேற்பாட்டிற்கு வெளியே விடப்பட்டன.

வங்கிகள் ஏற்கெனவே கூடிய வரி செலுத்துகின்றன, அவை தளர்ந்தால் வைப்பாளர்கள் பாதிக்கப்படுவர் என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். அந்நியாயத்தை முற்றாக ஒதுக்கிவிட முடியாது. ஆனால் வங்கியின் வரி அதன் இலாபத்தின் மீது விழுவது. நிதியத்தின் மீது விழுந்த சுமையோ ஆடைத்தொழிற்சாலைப் பெண்ணினதும் தோட்டத் தொழிலாளியினதும் கடைச் சிப்பந்தியினதும் பிற்போடப்பட்ட கூலியின் மீது விழுந்தது. தொழிற்சங்கங்கள் சில எதிர்த்தன. வருமான வரிக்கெதிராக வீதிக்கு வந்த கற்றோர் குழாமோ அதே வேகத்தோடு இதற்கெதிராக எழவில்லை. தன் சட்டைப்பையைத் தொட்டபோது எழுந்த குரல், உழைக்கும் மக்களின் முதுமையைத் தொட்டபோது தணிந்துவிட்டது. கற்றோரின் சமூகப் பொறுப்புப் பற்றி எழுதப்படும் கட்டுரைகள் இந்த இடத்தில் சற்றுத் தயங்கி நிற்கவேண்டும்.

கற்றோர் உறங்கிய இடத்தில் பிறர் விழித்திருந்ததும் உண்டு. 2011ஆம் ஆண்டில் தனியார் துறைக்கு ஓய்வூதியத் திட்டமொன்றை ஏற்படுத்துவதாகக் கூறிச் சட்டமூலமொன்று கொண்டுவரப்பட்டது. ஓய்வூதியம் என்ற சொல் இனிமையானது. அச்சொல்லுக்குப் பின்னே தொழிலாளரின் சம்பளத்தில் மேலும் ஒரு கழிவு இருந்தது. கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தின் தொழிலாளர்கள், அவர்களுட் பெரும்பான்மையோர் இளம் பெண்கள், அச்சட்டமூலத்தின் உட்பொருளை விளங்கிக்கொண்டனர். எவ்வளவு கழிக்கப்படும், எத்தனை ஆண்டுகளின் பின் எவ்வளவு கிடைக்கும், சில ஆண்டுகளே வேலைசெய்து ஊர் திரும்பும் பெண்ணுக்கு எதுவும் கிடைக்குமா என்று கேட்டனர். மே 30ஆம் நாள் ஆர்ப்பாட்டத்தின் மீது பொலிசார் சுட்டனர். காயமடைந்த ரொஷேன் சானக என்ற இளம் தொழிலாளி உயிரிழந்தார். சட்டமூலம் மீளப்பெறப்பட்டது. அவர்களுட் பெரும்பாலோர் பல்கலைக்கழக வாசலை மிதித்தவர்களல்லர். சம்பளச் சீட்டைப் படிக்கத் தெரிந்தவர்கள் அவர்களே. அதற்கு அவர்கள் கொடுத்த விலையோ ஓர் உயிர்.

"இவையெல்லாம் கணக்காளரின் வேலை, இலக்கியமும் வரலாறும் மெய்யியலும் கற்றவருக்கு இது எதற்கு?" என்று வினவுவோர் இருக்கலாம். சோழர் கால இறைகளின் பெயர்களைக் கல்வெட்டுக்களிலிருந்து தொகுத்து ஆராயும் வரலாற்று மாணவர், தம்மிடம் அறவிடப்படும் இறையின் பெயரை அறியாதிருப்பது அவ்வாராய்ச்சிக்கே இழுக்காகும். மேலும், கணக்காளர் தொழில்கொள்வோரிடம் சம்பளம் பெறுபவர். ஊழியரின் சார்பில் நின்று கணக்கைப் பார்க்கவேண்டியவர் ஊழியரேயாவார்.

"கேட்டால் வேலை போய்விடும்" என்பது இன்னொரு மறுப்பு. இது ஏளனம் செய்யத்தக்கதன்று. பட்டதாரிகள் ஆண்டுக்கணக்கில் வேலைக்காகக் காத்திருக்கும் நாட்டில், கிடைத்த வேலையைக் காத்துக்கொள்ள எவரும் அஞ்சவே செய்வர். அரச உத்தியோகத்திற்கு இளைஞர் ஏங்குவதற்கும் ஓய்வூதியம் பற்றிய இவ்வச்சமே காரணம். ஆனால் அறிதல் வேறு, முறையிடுதல் வேறு. சம்பளச் சீட்டுக்களைத் திகதிவாரியாகச் சேர்த்து வைப்பதற்கும், நிதியத்தின் உறுப்பினர் இலக்கத்தைக் குறித்துக்கொள்வதற்கும், அவ்விலக்கத்தைக் கொண்டு கணக்கின் மீதியைப் பார்ப்பதற்கும் எவருடைய அனுமதியும் தேவையில்லை. புதிய இடத்தில் வேலைக்குச் சேரும்போது புதிய இலக்கம் வழங்கப்படுவதால் பழைய இலக்கத்தைத் தொலைத்துவிட்டுப் பின்னர் தேடியலைவோர் பலர். குறை காணப்படின் மாவட்டத் தொழில் அலுவலகத்தில் முறையிடலாம். வேலையை விட்டு விலகிய பின்னரும் முறையிடலாம். ஆதாரம் கையிலிருப்பவனுக்கே அச்சம் குறையும். தனித்து நிற்பவனின் அச்சத்தைத் தீர்ப்பதற்கே தொழிற்சங்கம் என்ற ஒன்று தோன்றியது என்பதும் மறக்கற்பாலதன்று.

பல்கலைக்கழகங்களுக்கும் இதிற் பங்குண்டு. தாய்மொழிமூலம் பொருளியலும் அரசறிவியலும் கற்பிக்கப்படத் தொடங்கி அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. கலைச்சொற்கள் ஆயிரக்கணக்கில் ஆக்கப்பட்டன. ஆயினும் ஒரு நியமனக் கடிதத்தையும் ஒரு சம்பளச் சீட்டையும் வகுப்பறையில் வைத்து வரி வரியாக விளக்கிய விரிவுரை அரிது. இறுதியாண்டு மாணவருக்கு அத்தகைய ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கத் தமிழ்ச் சங்கங்களால் இயலும். தொழில் அலுவலகத்தில் பணியாற்றிய ஒருவரையும் தொழிற்சங்கவாதி ஒருவரையும் அழைத்து, அவ்வாங்கிலச் சுருக்கெழுத்துக்களின் பொருளை நல்ல தமிழில் விளக்கச் செய்யலாம். பட்டிமன்றத்திற்குத் திரளும் கூட்டத்தின் பாதி திரண்டாலே போதும்.

சம்பளம் என்பது கையிற் கிடைப்பது மட்டுமன்று. கையிற் கிடைக்காமல் வேறிடத்திற் சேர்வதும், சேரவேண்டியிருந்தும் சேராததும் அதன் பகுதிகளே. முதற் சம்பளத்தில் அம்மாவுக்குச் சேலை வாங்கிக் கொடுப்பது நல்ல வழக்கம். அன்றிரவே விளக்கைப் போட்டுக்கொண்டு அந்தச் சீட்டை முழுமையாகப் படிப்பதும் வழக்கமாகட்டும். ஐம்பத்தைந்தாம் வயதில் அந்த அம்மாவின் நிலையில் இருக்கப்போகின்றவர் அதைப் படிப்பவரே.